சண்டை மறந்த பாக்டீரியாவும் ஓட்டை என்கிற வௌவாலும்

நம் ஆய்வகத்திலிருந்து ஒரு பாக்டீரியாப் புட்டி வெளியே போவதற்கு முன்னால் ஒரு வாரம் வீணாகிறது என்று உங்களில் யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். யார் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னது நியாயம்தான். பாக்டீரியா அதேதானா என்று பார்க்க இப்போது மரபணுச் சோதனை இருக்கிறது. இன்று கொடுத்தால் நாளை பதில். அப்படியிருக்க, ஒவ்வொரு முறையும் அதை வளர்ப்புத் தட்டில் பூஞ்சைக்கு எதிரே வைத்துவிட்டு, பூஞ்சை வளர்கிறதா, ஒதுங்குகிறதா என்று நாள்கணக்கில் காத்துக்கிடப்பானேன்? அதற்கு ‘சண்டைக்கு விடுவது’ என்று பழைய ஆட்கள் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரியுங்கள். நான் ஓய்வு பெற்றவன், எனக்குக் கோபம் வந்தாலும் இப்போது யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அந்த ஒரு வாரத்தைக் குறைக்கச் சொல்லி மேலே எழுதிப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வௌவால் பிடிக்காது. முப்பது வருடம் நுண்ணுயிரோடு குப்பை கொட்டியவன். கண்ணுக்குத் தெரியாததோடு எனக்கு ஒத்துப்போகும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னையே முறைத்துப் பார்க்கிற ஜீவனோடு ஒத்துப்போகாது. வௌவால் வேலைக்கு நான் போனது என் மேலதிகாரி சொன்னதால். அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வயதில் என்னைவிடச் சிறியவர், பதவியில் பெரியவர். அதில் எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது. போகப் போக அடங்கிவிட்டது.

மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான். “பார்த்ததா, நினைச்சதா?” தட்டில் வளரவில்லை என்றாலும் அதே கேள்வி, டீக்கடையில் டீ தீர்ந்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்தே எங்களில் பாதிப்பேர் வாயைத் திறப்பதற்கு முன் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையின் சத்தம் கேட்கிற தூரத்தில், ஓர் அறக்கட்டளை காயம்பட்ட பழந்தின்னி வௌவால்களை வலைக்கூண்டில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் பட்டம் விடுகிற மாஞ்சா நூலில் அறுபட்டவை. சிறகு என்பது எலும்புக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல்தானே, நூல் பட்டால் கிழிந்துவிடும். காயம் ஆறினால் பக்கத்து ஏரிக்கரை மரங்களுக்குப் போய்விடும். அங்கே ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன.

ஒரு மழைக்காலத்தில் கூண்டுக்குள் இருந்தவற்றின் சிறகில் வெள்ளை படரத் தொடங்கியது. முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு திட்டுத் திட்டாக. வெள்ளை விழுந்த இடத்தில் தோல் காய்ந்த பப்படம் மாதிரி விரிசல் விட்டது. குளிர்நாட்டுக் குகைகளில் வௌவால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிற பூஞ்சையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இது அது இல்லை, அதற்குச் சொந்தமும் இல்லை. ஆனால் அங்கே வௌவாலின் தோலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாவை வைத்துப் பூஞ்சையை எதிர்க்கப் பார்க்கிறார்கள் என்று படித்துத்தான் மேடத்துக்கு யோசனை வந்தது.

யோசனை எளிமையானது. ஆரோக்கியமான வௌவாலின் தோலில் எத்தனையோ பாக்டீரியா இருக்கிறது. அதில் சில, பூஞ்சையை அண்டவிடாது. கூண்டுக்குள் வந்தவற்றுக்குக் காயம் சீழ் பிடிக்காமல் இருக்க நாம் போட்ட மருந்து, சீழ்க்கிருமியைக் கொன்றதோடு அந்தக் காவல்காரர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. போன காவல்காரர்களைத் திருப்பிக் கொண்டுவந்து குடிவைப்போம். அவ்வளவுதான். ஏரிக்கரையில் பிடித்த நல்ல வௌவால்களின் சிறகைப் பஞ்சால் ஒற்றி, வந்ததையெல்லாம் வளர்த்து, ஒவ்வொன்றாகப் பூஞ்சைக்கு எதிரே வைத்தோம். ஒன்றைச் சுற்றி மட்டும் பூஞ்சை நெருங்காமல் கண்ணாடி மாதிரி ஒரு வெற்று வட்டம் விழுந்தது. அதைப் பெருக்கி, தண்ணீரில் கலந்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பெருங்களத்தூருக்கு அனுப்பினோம்.

அங்கே அதை வௌவால்களின் சிறகில் ஸ்பிரே அடிக்கிற வேலை செல்வியுடையது. கூண்டைப் பார்த்துக்கொள்வது, பழம் நறுக்குவது, மருந்து அடிப்பது எல்லாம் அவர்தான். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், அம்மா கேளம்பாக்கத்தில் மீன் விற்கிறவர். கல்யாணமாகிப் பெருங்களத்தூர் வந்து சேர்ந்தவர். முதல் நாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கர்ச்சீப்பு? இது பூ வாசனை சார். மீன் மார்க்கெட்டாண்ட ஒரு நாள் வந்து நில்லுங்கோ, அப்பால இத்த சென்ட்டும்பீங்கோ” என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் மூக்கைப் பொத்தியதில்லை.

முதல் தொகுதி அபாரமாக வேலை செய்தது. சில வாரங்களில் வெள்ளை உதிர்ந்து, அடியில் புதுத்தோல் கறுப்பாகப் பளபளத்தது. தேறியவற்றையெல்லாம் ஒரு மாலையில் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். போகாமல் நின்றது ஒன்றுதான். அதன் இடது சிறகில் மாஞ்சா கையகலத்துக்கு ஓட்டை போட்டிருந்தது. வெள்ளை போனது, ஓட்டை போகவில்லை. செல்வி அதை ‘ஓட்டை’ என்றே கூப்பிடுவார். பறக்க முடியாததை ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. அன்று எல்லோரும் சந்தோஷத்தில் இருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். யாரும் முடிவெடுக்காததால் பிழைத்த ஜீவன் அது.

அடுத்த மழையில் தாம்பரத்துக்கு மேற்கே வெள்ளம். அப்போது நம் ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்தது. மழை பெய்தால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது ஃப்ரீசர் மல்லாந்து கிடந்தது. குப்பிகள் சேற்றில். பத்திரமாக உறையவைத்திருந்த எங்கள் காவல்காரன் உள்பட எல்லாம் போயிற்று. வேறு வேலைக்காக மாடிக்குக் கொண்டுபோயிருந்த ஒரே ஒரு சோதனைக்குழாயில் அது மிஞ்சியிருந்தது. கடவுள் இருக்கிறார் என்று அன்று எங்களில் நாத்திகர்கூடச் சொன்னார்.

புது ஃப்ரீசர் வர மாதக்கணக்கானது. அதுவரைக்கும் அந்த ஒற்றைக் குழாயை உயிரோடு வைத்திருக்க வேண்டும். என்ன செய்வோம்? ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றிக்கொண்டே போனோம். நல்ல சத்தான ஊட்டம். கொழுகொழுவென்று வளர்ந்தது. யார் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். உறைமோர் தீர்ந்துவிடக் கூடாதே என்று வீட்டில் தினமும் கொஞ்சம் எடுத்து வைப்பது மாதிரிதான்.

அதற்குள் கூண்டில் புதிதாக வந்த வௌவால்களுக்கும் வெள்ளை கண்டது. முன்னைவிட அதிகமாக. நாங்கள் இரண்டாவது தொகுதியை அனுப்பினோம். செல்வி அடித்தார். வெள்ளை நிற்கவில்லை. திரும்ப அனுப்பினோம், திரும்ப அடித்தார். வெள்ளை முகத்துக்கு ஏறியது. காலையில் வலைக்கு அடியில் ஒன்றிரண்டு விழுந்து கிடக்கத் தொடங்கின.

எங்கள் பக்கம் பார்த்தோம். நிறம் அதே. உருவம் அதே. நுண்ணோக்கியில் அதே. மரபணுச் சோதனைக்கும் அனுப்பினோம், அதிலும் அதே பெயர்தான் வந்தது. மருந்து சரி என்றால் தப்பு மருந்து அடித்த கையில்தானே இருக்க வேண்டும்? அறக்கட்டளையின் செயலாளர் அப்படித்தான் முடிவு கட்டினார். நல்ல மனிதர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் வௌவால் என்றாலே காய்ச்சல் வரும் என்று அவரைத் தினமும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் பழி போட யாராவது ஒரு ஆள் தேவைப்பட்டது. “ஐஸ் பெட்டியை வெயில்ல வச்சிருப்பா சார். பாக்டீரியா செத்திருக்கும். வேற என்ன?” என்றார்.

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா சார் பேசறீங்கோ? ஐஸப் பத்தி எனுக்கு சொல்றீங்களா? ஐஸ் பொட்டி மேல குந்திக்கினு வளந்தவ நானு. எங்கம்மா வெயில்ல வச்சு ஒரு மீனை வித்தது கிடியாது, நான் ஒங்க மருந்த வெயில்ல வைப்பேனா?”

மேடம் செயலாளரைப் பார்த்து, “ஐஸ் பெட்டி வெயில்ல இருந்தது, பார்த்ததா, நினைச்சதா?” என்று கேட்டார். செயலாளர் ஏதோ முனகினார். மேடம் அந்தக் கேள்வியை அன்று ஒருமுறைதான் கேட்டார். இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் அவரே சொன்னார். உண்மையைச் சொன்னால், தப்பு செல்வி மேல் என்பது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாதம் முடிந்ததும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. கூண்டில் இருப்பவற்றிலிருந்து ஏரிக்கரைக் கூட்டத்துக்குப் பூஞ்சை தொற்றிவிடும், அதனால் எல்லாவற்றையும் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று அறக்கட்டளைக் குழு தீர்மானித்துவிட்டது. அவர்கள் பயத்திலும் அர்த்தம் இருந்தது. நவீன் என்று ஓர் இளம் கால்நடை மருத்துவர் வந்திருந்தார். பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைக்கிறவர் முகம். மேடமும் நானும் கடைசியாக ஒருமுறை மாதிரி எடுக்கப் போயிருந்தோம். செயலாளர் இருந்தார். செல்வியை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தும் வந்து, பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். சாகப் போகிறவற்றுக்குப் பப்பாளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

“ஆர்டர்ல பறக்க முடியாததுங்க முதல்லன்னு இருக்கு” என்றார் நவீன். செல்வி கத்தியைக் கீழே வைத்தார். நவீன் வலையிலிருந்து ஓட்டையைத் துணியால் பிடித்து இறக்கினார். ஊசி குத்த இடம் பார்க்கிறதற்காகச் சிறகை வெளிச்சத்தில் விரித்தார்.

“பாவம். ஸ்கின் மட்டும் சூப்பரா இருக்கு, ஒரு வெள்ளைப் பொட்டு இல்ல. என்ன பிரயோஜனம்?” என்றார்.

அவர் அதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அந்தச் சிறகை நானும்தான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுற்றி இருப்பவை எல்லாம் வெள்ளை பிடித்துச் சாகின்றன. இது அவற்றோடு ஒரே வலையில் தொங்குகிறது, ஒரே தட்டில் தின்கிறது. நோய் இல்லை என்பதால் இரண்டாவது தொகுதி மருந்தை இதற்கு அடிக்கவே இல்லை. இதன் மேல் பட்டது வெள்ளத்துக்கு முந்தைய முதல் தொகுதி மட்டும்தான். மற்றவற்றுக்கு இல்லாத எது இதன் தோலில் இருக்கிறது?

“டாக்டர், ஒரு நிமிஷம்” என்றேன்.

மேடம் திரும்பினார். எங்கள் பழைய காவல்காரன் இதன் சிறகில் இன்னும் குடியிருக்கலாம் என்று நான் நினைத்ததைச் சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை, உளறினேன்.

“பார்த்ததா, நினைச்சதா?”

“சிறகு சுத்தமா இருக்கறது பார்த்தது மேடம். மத்ததெல்லாம் நினைச்சது.”

செயலாளர் குறுக்கே வந்தார். “மேடம், போன தடவையும் டைம் கேட்டீங்க. அபார்ட்மென்ட்காரங்களுக்கு நான்தான் பதில் சொல்லிட்டிருக்கேன். இதெல்லாம் இழுத்துக்கிட்டே போகக்கூடாது.”

நவீன் ஊசியைக் கையிலேயே வைத்திருந்தார். ஓட்டை அவர் கைத்துணிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, பப்பாளி இருந்த திசையில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. செல்வி மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அந்த வௌவாலுக்காகப் பேச உரிமை இருந்தவர் அவர். ஆனால் அவரை நாங்கள் ஏற்கெனவே குற்றவாளி ஆக்கி வைத்திருந்தோம். அவர் பேசினால் யார் கேட்பார்?

“ஊசியைக் கீழ வைங்க டாக்டர்” என்றார் மேடம்.

“எதை வச்சு மேடம்? ஏன் போடலன்னு எழுதிக் கேட்டா நான் என்ன சொல்றது?”

“என் நினைப்பு தப்புன்னா அடுத்த வாரம் போட்டுக்கலாம், ஊசி எங்கேயும் போயிடாது. சரின்னு வைங்க, இன்னைக்கே போட்டுட்டோம்னா யார் எழுப்பித் தருவா? என் பேர்லயே எழுதிக்கோங்க.”

இவ்வளவுதான் நடந்தது. சினிமா மாதிரி யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து நான் கற்றுக்கொள்ளாததை அன்று கற்றுக்கொண்டேன். ஆதாரம் இல்லாத இடத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால், திருப்ப முடியாத காரியத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் நினைப்பு சரியா என்று அப்போது தெரிய வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாரம் மிச்சமிருந்தால் போதும்.

ஓட்டையின் சிறகைப் பஞ்சால் ஒற்றி எடுக்க அதைச் செல்விதான் பிடித்துக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனிடம் மட்டும், “த்தோ ஆச்சு, த்தோ ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்துக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு தட்டில் நாங்கள் கடைசியாக அனுப்பிய பாக்டீரியா, எதிரே பூஞ்சை. இன்னொரு தட்டில் ஓட்டையின் சிறகிலிருந்து வந்த அதே பாக்டீரியா, எதிரே பூஞ்சை. பூஞ்சை மெதுவாக வளர்கிற ஜாதி, அவசரப்படுத்த முடியாது. அந்த வாரத்தில் கூண்டில் மேலும் சில செத்தன. நவீன் தினமும் போன் செய்து கேட்டார், கோபமாக இல்லை, நம்பிக்கையோடும் இல்லை.

வார முடிவில் தட்டைத் திறந்தபோது, எங்கள் கொழுத்த பாக்டீரியாவின் மேலேயே பூஞ்சை ஏறிப் பாய் விரித்துப் படுத்திருந்தது. ஓட்டையினுடைய தட்டில் அந்தப் பழைய வெற்று வட்டம், விளிம்பு பிசகாமல்.

இரண்டும் ஒரே பாக்டீரியாதான். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, உருவம் ஒன்று. ஒரு வித்தியாசம்தான். நாங்கள் வளர்த்தது, எதிரியே இல்லாத தட்டில், வேளாவேளைக்கு ஊட்டம் தின்று, தலைமுறை தலைமுறையாகப் பூஞ்சையின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தது. பூஞ்சையைத் தடுக்கிற சரக்கைத் தயாரிப்பது செலவு பிடித்த வேலை. தேவையில்லாத இடத்தில் எந்த உயிரும் அந்தச் செலவைச் செய்யாது. விட்டுவிட்டது. வௌவாலின் சிறகில் இருந்ததற்கோ தினமும் சண்டை. மேடம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. நாமளே உட்கார்ந்து வளர்த்திருக்கோம்” என்றார். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தோம், அதேதானா என்று பார்த்தோம். இன்னும் வேலை செய்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதை நினைத்துக்கொண்டோம்.

மறுநாளே மேடம் பெருங்களத்தூருக்குக் கிளம்பினார். போனில் சொல்லிவிடலாமே என்றேன். முறைத்தார். நானும் கூடப் போனேன்.

செயலாளரையும் நவீனையும் வைத்துக்கொண்டு மேடம் சொன்னார். “செல்வி சரியாத்தான் அடிச்சிருக்காங்க. நாங்க அனுப்பின சரக்குதான் சரியில்லை. தப்பு எங்க லேப்ல.”

செல்வி கையிலிருந்த பழக்கூடையைக் கீழே வைத்தார். பிறகு, “அப்போ அத்தினி நாளு நான் அடிச்சது இன்னா மேடம்? செத்துப்போன மருந்தா?”

“சாகலை. உயிரோட நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுச் சாப்பிட்டு வேலை செய்யறதை விட்டுடுச்சு.”

“எங்க வூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லுங்கோ.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். செயலாளர்கூட. செல்வி சிரிக்கவில்லை.

“நீங்க சிரிச்சிட்டீங்கோ, சரி. எங்கம்மா காதுல வுழுந்திச்சு மேடம். ஐஸு வெக்கத் தெரியாம வேலை போச்சுன்னு. எங்க ஜனத்துல ஒரு பொம்பளைய இத்தவிட கேவலமா சொல்ல முடியாது, தெர்யுமா? எனுக்கு வேலை திரும்பக் குட்த்தா மட்டும் ஆவாது. எங்கம்மாகிட்ட வந்து சொல்லணும்.”

செயலாளர் தொண்டையைச் செருமினார். மேடம் செருமவில்லை. “எப்போ மார்க்கெட்டுல இருப்பாங்க?” என்று கேட்டார்.

கேளம்பாக்கத்தில், மீன்கூடைகளுக்கு நடுவே, சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் மேடம் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. செயலாளரும் வந்திருந்தார், பாவம். “உங்க பொண்ணு ஐஸை ஒழுங்காத்தான் வச்சிருந்தா. தப்பு எங்களோடது” என்று மேடம் சொன்னார். அந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. மீனைச் செதில் எடுத்துக்கொண்டே, “அத்த சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தே? எனுக்குத் தெரியாதா எம்பொண்ண” என்றார். பிறகு பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, “கேட்டுக்கினியா?” என்று சத்தமாகக் கேட்டார். கிளம்பும்போது ஒரு பை நிறைய சங்கரா மீனைக் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மேடம் சுத்த சைவம். வாங்கிக்கொண்டார். அந்த மீன் எங்கள் வீட்டில்தான் குழம்பானது.

ஓட்டையின் சிறகிலிருந்து எடுத்ததைப் பெருக்கி, தட்டில் அதிகம் மாற்றாமல், உடனே அனுப்பினோம். செல்வி அடித்தார். எல்லாம் பிழைத்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பிழைக்கவில்லை. வெள்ளை முகத்துக்கு ஏறியவை பெரும்பாலும் போய்விட்டன. எங்கள் தப்பால் செத்தவை அவை, அதை நான் மழுப்பப் போவதில்லை. மற்றவை தேறின. ஏரிக்கரையில் விட்ட மாலை நவீன் என்னிடம் வந்து, “அன்னிக்கு நான் வாயை மூடிட்டு ஊசி போட்டிருந்தா?” என்று கேட்டார். “போட்டிருந்தா இன்னைக்கு நீங்க இதைக் கேட்டிருக்க மாட்டீங்க, எங்களுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றேன்.

ஓட்டை கூண்டிலேயே தங்கியது. விதியை என்ன செய்வது என்று குழுவில் கேள்வி வந்தபோது, அது எங்கள் மருந்துக்கு மூலம், அதைத் தொடக்கூடாது என்று மேடம் எழுதிக்கொடுத்தார். புது ஃப்ரீசர் வந்ததும், மாடியில் ஒன்று, வேறொரு கட்டடத்தில் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் உறையவைத்தோம். முதல் குப்பியின் மேல் மேடமே தன் கையால் ‘ஓட்டை’ என்று எழுதினார். நீங்கள் தினமும் பார்க்கிற குப்பி அதுதான். ஒவ்வொரு தொகுதியையும் சண்டைக்கு விடாமல் அனுப்பக் கூடாது என்கிற வழக்கமும் அன்றே தொடங்கியது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அப்போது நான் ஓய்வு பெற்று, சேலையூரில் காலை நடைக்கும் மாத்திரைக்கும் நடுவே வாழப் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் செல்வி போன் செய்தார்.

“சார், ஓட்டை போய்ட்ச்சு.”

வயசான காலத்துச் சாவுதான், நோய் எதுவும் இல்லை. காலையில் பப்பாளியைத் தொடவில்லையாம். மதியம் கையிலேயே அடங்கிவிட்டதாம். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு வௌவால் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அன்று அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, “சார், ஒண்ணு கேக்கறேன், டபாய்க்காம சொல்லுங்கோ. அதும் மேல இருந்து எட்த்தீங்களே, ஒங்க பொட்டில வெச்சிகினு கீறீங்களே. அது உசுரோடதான கீது?”

‘இருக்கு’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அழுகிறவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஃப்ரீசரில் பத்திரமாகத்தானே இருக்கும், யார் தொடப் போகிறார்கள்? அப்போதுதான் உறைத்தது, நான் பார்க்கவில்லை. நினைக்கிறேன்.

“பாத்துட்டுச் சொல்றேன் செல்வி” என்றேன்.

“சரி சார். பாத்துட்டே சொல்லுங்கோ” என்றார்.

மறுநாள் பேருந்து பிடித்து ஆய்வகத்துக்கு வந்தேன். வாசலில் புதிதாக வந்த காவலாளி என்னை யாரென்று கேட்டு நிற்கவைத்தார். மேடம் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். உள்ளே இருந்த பழைய சகாக்கள் ஒன்றும் கேட்காமல் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். முதல் குப்பியிலிருந்து துளி எடுத்து வளர்த்து, தட்டில் வைத்தேன். எதிரே பூஞ்சையை வைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். நீங்கள் வீண் என்று சொல்கிற அதே ஒரு வாரம்.

திரும்ப வந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். பூஞ்சை மூன்று பக்கமும் நெருங்கி வந்து, நடுவில் தயங்கி நின்றிருந்தது. வெற்று வட்டம் முழுசாக இருந்தது. அங்கேயே நின்று செல்விக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் கூண்டில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு கீச்சிடுகிற சத்தம் கேட்டது.

“இன்னா சார்?”

“கீது, செல்வி” என்றேன். “பாத்துட்டேன். கீது.”